லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது டயர் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். கணவருக்கு வாகன உதிரிபாக நிறுவனத்தில் மென்பொருள் வேலை. மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். நான் அவர்களுக்குத் தெரிந்தவன். டயர், சஸ்பென்ஷன் தொடர்பான வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

கார், ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் அமைப்பு, உள்ள சிறிய எஸ்யூவி. 36 மாத லீஸ், ஆண்டுக்கு 12,000 மைல். டயர் அளவு 225/65ஆர்17 102ஹெச். இதில் 102 என்பது ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்: 850 கிலோ. ஹெச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கிலோமீட்டர். கடைசியில் இருக்கும் இந்த எண்ணையும் எழுத்தையும் டயர் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. இந்த நிகழ்வில் அந்த எழுத்துதான் பாதிச் சிக்கல்.

அமெரிக்காவில் தனிநபர்கள் எடுக்கும் கார் லீஸ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். காரின் சந்தை விலை எதிர்பார்த்ததைவிட இறங்கியிருந்தால் அது லீஸ் நிறுவனத்தின் நஷ்டம், நம்முடையது அல்ல. ஆனால் ஒப்பந்த மைலைத் தாண்டினாலோ, வழக்கத்தை மீறிய தேய்மானம் இருந்தாலோ அந்தப் பணம் நம் கணக்கில் வரும். 1976இல் வந்த நுகர்வோர் குத்தகைச் சட்டமும் அதன் கீழுள்ள ரெகுலேஷன் எம் என்ற விதியும் இதைப் பற்றிப் பேசுகின்றன. தேய்மானத்துக்கான அளவுகோலை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது நியாயமானதாக இருக்க வேண்டும், கையெழுத்துப் போடும்போதே ஒப்பந்தத்தில் தெரிவித்திருக்க வேண்டும். டயர் இத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஆகவே, ஒருவருடைய லீஸ் அனுபவம் இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. அவரவர் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இவர்களுடைய ஒப்பந்தத்தில் டயருக்கு அரைப் பத்தி இருந்தது. ட்ரெட் ஆழம், அதாவது டயர் பட்டனின் உயரம், மிகக் குறைந்த இடத்திலும் 4/32 அங்குலம் இருக்க வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே பிராண்டாக இருக்க வேண்டும். எடை எண்ணும் வேகக் குறியீடும் கார் வந்தபோது இருந்ததற்குக் குறையக் கூடாது. வீக்கம், வெட்டு, பக்கச் சுவரில் பஞ்சர் ஒட்டு, ரீட்ரெட் எதுவும் கூடாது. சில நிறுவனங்கள் இதே 4/32ஐ 1/8 அங்குலம் என்று எழுதும். ரன் ஃப்ளாட் டயரோடு, அதாவது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய டயரோடு, வந்த காரை ரன் ஃப்ளாட் டயரோடுதான் திருப்ப வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தங்களும் உண்டு.

4/32 அங்குலம் என்றால் சுமார் 3.2 மில்லிமீட்டர். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாலையில் ஓட்டச் சட்டம் கேட்பது 2/32தான், 1.6 மில்லிமீட்டர். டயரின் பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்குமே, தேய்மானக் குறி, அவை எட்டிப் பார்ப்பதும் அந்த 2/32இல்தான். ஆக, போலீஸ் நிறுத்திப் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாத டயருக்கு லீஸ் நிறுவனம் பணம் கேட்கலாம். அநியாயம் என்று பலர் கொதிப்பது இந்த இடத்தில்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வரும் கார் நேராகப் பழைய கார் விற்பனைக்கோ ஏலத்துக்கோ போகிறது. டயர் மொட்டையாகும் நிலையில் இருந்தால் வாங்குபவர் நான்கு டயரின் விலையைக் கழித்துத்தான் கேட்பார். அதோடு, மழைத் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் 4/32க்குக் கீழே வேகமாகக் குறைகிறது. 2/32 என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. அதுவரை ஓட்டுவது பாதுகாப்பு என்று பொருளல்ல.

பள்ளத்தில் இறங்கிய சக்கரம்

லீஸ் முடிவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கும்போது, மார்ச் மாதம், வலது முன்சக்கரம் நெடுஞ்சாலைப் பள்ளத்தில் இறங்கியது. மிச்சிகனில் குளிர்காலம் முடியும் சமயம் பகலில் பனி உருகித் தார்ச் சாலை வெடிப்புக்குள் தண்ணீராகப் புகும், இரவில் உறைந்து விரியும். மார்ச்சில் சாலையெங்கும் குழி. ரிம் தப்பித்தது. டயரின் பக்கச் சுவரில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் நூலடுக்கு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அன்று சனிக்கிழமை. பக்கத்தில் இருந்த கடையில் அதே பிராண்ட் கையிருப்பில் இல்லை. வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை இருவருக்கும் வேலை. 225/65ஆர்17 அளவில் வேறு பிராண்ட் ஒன்று இருந்தது, சுமார் 165 டாலர். அதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சூழ்நிலையில் யாராக இருந்தாலும் பெரும்பாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த டயரில் இருந்தது 102டி. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், ஹெச்சுக்குக் கீழே. ஓட்டுவதற்கு அதனால் எந்தத் தொல்லையும் வராது. மிச்சிகன் சாலையில் எவரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஒப்பந்தத்தின் கண்ணில் மட்டும் அது தவறான டயர்.

அன்று செய்யாமல் விட்டது இன்னொன்று: வீல் அலைன்மென்ட் பார்க்கவில்லை. வண்டி நேராகத்தான் போனது, ஸ்டியரிங் மட்டும் மயிரிழை சாய்ந்திருந்தது. அதன்பின் டயர்களை இடம் மாற்றிப் போடவும் இல்லை. புது டயர் ஒன்று வந்த பிறகு எதை எங்கே மாற்றுவது என்று குழப்பம், அப்படியே விட்டுவிட்டார்கள்.

கடிதம் வந்தது

லீஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போது நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. காரை இலவசமாக முன் ஆய்வு செய்துகொள்ளலாம், ஆய்வாளர் வீட்டுக்கே வருவார் என்று அதில் இருந்தது. பலர் இதை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், போய் மாட்டிக்கொள்வானேன் என்ற எண்ணம். உண்மையில் நமக்குச் சாதகமான ஏற்பாடு இது ஒன்றுதான். எதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்பது முன்கூட்டியே எழுத்தில் கிடைத்துவிடும். வெளியே குறைந்த செலவில் சரிசெய்யவும் அவகாசம் இருக்கும்.

ஆய்வுக்கு முன்னால் கணவர் தானே காசு வைத்துப் பார்த்திருந்தார். அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்த வழி அது. கால் டாலர் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருக வேண்டும். வாஷிங்டனின் உச்சந்தலையை டயர் தொட்டால் 4/32 இருக்கிறது. ஒரு சென்ட் காசில் லிங்கனின் தலையை வைத்துப் பார்ப்பது 2/32க்கு, அதாவது சட்டத்தின் கோட்டுக்கு. இணையத்தில் இரண்டையும் போட்டுக் குழப்பியிருப்பார்கள். லீஸுக்குப் பார்க்க வேண்டியது கால் டாலர். அவர் சரியான காசைத்தான் எடுத்திருந்தார். நான்கு சக்கரத்திலும் வாஷிங்டனின் முடி மறைந்தது. நிம்மதியாகிவிட்டார்.

நான் போனபோது ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லி, இடது முன்சக்கரத்தின் பின்னால் குனிந்து, உள்விளிம்புப் பள்ளத்தில் அதே காசைச் செருகச் சொன்னேன். வாஷிங்டனின் தலை முழுதாக வெளியே தெரிந்தது. அதற்கு மேல் வெற்றிடமும் தெரிந்தது. நின்றபடி குனிந்து பார்த்தால் தெரிவது வெளிவிளிம்பு மட்டும். ஆய்வாளர் வெளி, நடு, உள் என்று மூன்று இடத்தில் வைத்து, மிகக் குறைந்ததை எழுதுவார்.

மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. “அண்ணா, இன்னொரு வண்டி அவங்ககிட்டயே எடுத்தா டயரெல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு டீலர் சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கு இவ்வளவு தலைவலி?” என்றார். அந்தப் பேச்சு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வில் தெரிந்தவை

ஆய்வாளர் மின்னணு அளவியோடு வந்தார். மிகவும் பொறுமையான மனிதர். அப்போது கார் 33,800 மைல் ஓடியிருந்தது. இடது முன் டயர்: வெளியே 5, நடுவில் 5, உள்ளே 3. வலது முன், அதாவது பள்ளத்துக்குப் பின் போட்டது: 8, 8, 6. இடது பின்: எல்லா இடத்திலும் 5. வலது பின்: 5, 4, 4. எல்லாம் 32இல் ஒரு பங்கு அங்குலக் கணக்கில்.

பள்ளத்தில் இறங்கியது வலது சக்கரம்; உள்ளே தேய்ந்ததோ இரண்டு பக்கமும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். அடி பட்டு வலது சக்கரம் வெளிப்பக்கம் திரும்பினால், நேராகப் போக நாம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறோம். அப்போது கோணப் பிழை இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டும் உள்விளிம்பை லேசாக இழுத்துத் தேய்த்துக்கொண்டே ஓடுகின்றன. வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது, அதனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஸ்டியரிங் சாய்வு ஒன்றுதான் அடையாளம். அந்தச் சாய்வு இவர்கள் இருவர் கண்ணிலும் பட்டிருந்தது, கண் பழகிவிட்டது.

மின்னஞ்சலில் வந்த அறிக்கையில் டயருக்கு இரண்டு வரி. இடது முன், ஆழம் குறைவு, 230 டாலர். வலது முன், வேகக் குறியீடும் பிராண்டும் பொருந்தவில்லை, 230 டாலர். மொத்தம் 460. பம்பர் கீறலும் ரிம் உரசலும் அவர்கள் வைத்திருந்த அட்டை அளவுக்குள் அடங்கியதால் அவற்றுக்கு எதுவும் இல்லை.

வலது பின் டயர் அப்போது தப்பித்தது, சரியாகக் கோட்டின் மேல். திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம், ஏறத்தாழ 2,000 மைல். தொடக்கத்தில் 10/32 இருந்து 33,800 மைலில் 4க்கு வந்திருக்கிறது என்றால், 1/32 தேய சுமார் 5,600 மைல். 2,000 மைலில் அந்த 1/32இல் மூன்றில் ஒரு பங்கு தேயும். இப்போது 4 என்று காட்டும் அளவி அப்போது 3 என்று காட்டுமா என்பது முழு எண்ணாக்குவதைப் பொறுத்தது. ஆகவே செலவு 460 என்று சொல்லிவிட முடியாது. 690 வரை போகலாம்.

முன்னால் இருந்த வழிகள்

காரையே வாங்கிவிடுவது முதல் வழி. ஒப்பந்தத்தில் குறித்த மீதி விலையைக் கொடுத்தால் கார் நம்முடையது, டயர் பேச்சே இல்லை. பழைய கார் விலை எகிறிய 2021, 2022 காலத்தில் லீஸ் முடித்த பலர் இப்படி வாங்கி, சிலர் விற்று லாபமும் பார்த்தார்கள். இவர்கள் காரின் மீதி விலை சந்தை விலையைவிட அதிகமாக இருந்தது. அந்தக் கதவு மூடியாயிற்று.

இரண்டாவது, எதுவும் செய்யாமல் பில்லைக் கட்டுவது. சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரே ஒரு டயர் மட்டும் குறைவாக இருந்திருந்தால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன். அலைச்சலுக்கும் விலை உண்டு.

மூன்றாவது, முன்னால் இரண்டு மட்டும், பழைய பிராண்டிலேயே வாங்குவது. பொருத்துக் கூலியோடு 400 டாலருக்கு மேல் ஆகும். ஒப்பந்தப்படி சரியாகிவிடும், ஆனால் முன்னால் 10, பின்னால் 4, 5. ஆல் வீல் டிரைவ் வண்டியில் டயர்களுக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் கூடாது. ஆழம் குறைந்த டயரின் சுற்றளவு சிறியது, அதே தூரத்துக்கு அது அதிகமாகச் சுழலும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல, நடுவிலிருக்கும் கிளட்ச் ஓயாமல் நழுவிச் சூடேறும். வித்தியாசம் 2/32 அல்லது 3/32க்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. வலது பின் டயரின் சந்தேகமும் தீராமல் அப்படியே இருக்கும்.

நான்காவது, கணவரின் அலுவலக நண்பர் சொன்னது. புதுக் கார் வாங்கியவர்கள் சிலர் உடனே பெரிய ரிம் மாட்டிக்கொண்டு, கம்பெனி டயரைக் கழற்றி இணையத்தில் விற்பார்கள். புதிது மாதிரியே இருக்கும், பாதி விலை. அசல் பிராண்டே கிடைக்கும். நல்ல யோசனைதான். நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்றே சொல்வேன். விற்பவரிடம் ரசீது கிடைக்காது என்பதால் இவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் சரியானது என்று பின்னால் தெரிந்தது.

ஐந்தாவது, நான்கும் புதிதாக, விலை குறைந்த பிராண்டில், அதே 225/65ஆர்17 102ஹெச். ஒன்று 108 டாலர். பொருத்துக் கூலியும் மிச்சிகனின் 6 சதவீத விற்பனை வரியும் சேர்த்து ஏறத்தாழ 545 டாலர்.

டீலரின் வாக்குறுதி

இதையெல்லாம் முடிவு செய்வதற்கு முன்னால் மனைவி கேட்ட கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. டீலர் வேறு, லீஸ் நிறுவனம் வேறு. கார் நிறுவனத்தின் பெயர்ப்பலகை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் டீலர் ஷோரூம் தனி முதலாளியுடைய கடை. பில் போடுவது நிதி நிறுவனம். டீலர் திரும்பி வரும் காரை நிறுவனத்துக்காகப் பெற்று வைக்கிறார், அவ்வளவுதான். விற்பனையாளர் “கவலைப்படாதீங்க” என்று சொல்வது பொய்யென்று சொல்லவில்லை. சில டீலர்கள் திரும்பி வரும் காரைத் தாங்களே நிறுவனத்திடம் வாங்கிக்கொள்வார்கள், அப்போது தேய்மானக் கட்டணம் வராமலும் போகலாம். ஆனால் வாங்குவதா இல்லையா என்பதைக் கார் வந்த பிறகு அவர் தன் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அதனால் இவர்கள் ஒரே ஒரு காரியம் செய்தார்கள். டயர் கட்டணம் வந்தால் டீலரே கட்டுவதாகப் புதிய லீஸின் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதித் தரக் கேட்டார்கள். டீலர்களிடம் இதற்கென்றே தனித் தாள் உண்டு. பின்னால் செய்து தருவதாகச் சொல்லும் எதையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். விற்பனையாளர் மேலாளரிடம் போய்வந்து, எழுதித் தர முடியாது என்றார். சண்டை இல்லை, கோபம் இல்லை. அந்த வாக்குறுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஆயிற்று.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு புது டயர். 460க்கும் 690க்கும் நடுவே எங்கோ நிற்கப்போகும் பில்லுக்குப் பதிலாக 545 என்று தீர்ந்த செலவு. பணத்தைப் பொறுத்தவரை பெரிய மிச்சம் இதில் கிடையாது. அதைச் சொல்லாமல் விட்டால் தவறான நம்பிக்கை கொடுத்ததாகும். தராசை இந்தப் பக்கம் சாய்த்தது வேறு. முன் ஆய்வு நடந்தது அக்டோபரில், திருப்பிக் கொடுப்பது டிசம்பரில். நவம்பர் மழையிலும் முதல் பனியிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 3/32 டயரில் போக மனைவிக்கு மனமில்லை. கட்டப்போகும் பணத்துக்கு இரண்டு மாதமாவது நல்ல டயரில் ஓட்டலாமே என்றார். அது சரியான கணக்கு.

வாங்குவதற்கு முன் லீஸ் நிறுவனத்துக்கு இணையதளக் கணக்கு வழியாக ஒரு கேள்வி அனுப்பினார்கள்: அசல் பிராண்ட்தான் வேண்டுமா, அல்லது நான்கும் ஒரே பிராண்டாக, அதே அளவு, எடை எண், வேகக் குறியீட்டில் இருந்தால் போதுமா? போதும் என்று பதில் வந்தது. அதைப் படமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். தொலைபேசியில் கேட்டிருந்தால் பதில் சீக்கிரம் வந்திருக்கும், கையில் எதுவும் இருந்திருக்காது. எல்லா நிறுவனமும் இப்படி ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை. சில உயர்விலைக் கார்களுக்குத் தயாரிப்பாளரின் தனி முத்திரை உள்ள டயர் இருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு எம்ஓ. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது.

அலைன்மென்ட் செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். கடைக்காரர் 110 டாலர் சொன்னார். 2,000 மைலில் புது டயரின் உள்விளிம்பு கொஞ்சம் தேய்ந்தாலும் 9க்குக் கீழே போகாது. லீஸ் கணக்குக்கு அது தேவையில்லை என்றேன். இன்னும் ஆறு மாதம் ஓட்டுவதாக இருந்தால் கட்டாயம் செய்யச் சொல்லியிருப்பேன்.

டயர் மாற்றியபின்

ரசீதில் பிராண்ட், அளவு, 102ஹெச், அன்றைய மைல், நான்கு டயரின் டி.ஓ.டி. எண் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். டி.ஓ.டி. எண் என்பது டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அடையாள எண், அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். கடைக்காரருக்கு அது கொஞ்சம் எரிச்சல், இருந்தாலும் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு டயரிலும் அளவியை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த அளவி உதிரிபாகக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் சாதாரணப் பொருள்.

அன்று மாலை திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்களை மனைவி வரிசையாக எடுத்து வைத்தார்: இரண்டு சாவி, கையேடு, ஸ்டெப்னி, ஜாக்கி. சக்கரத் திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டைத் திறக்கும் சிறிய சாக்கெட்டைக் காணோம். “என்னங்க, அந்தக் கடையில கேட்டுப் பாருங்க, அங்கதான் இருக்கும்” என்றார். கேட்டால், அது மெக்கானிக்கின் மேசையிலேயே கிடந்தது. டயர் கடைகளில் தினமும் நடப்பதுதான். அது இல்லாமல் அடுத்தவர் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

திருப்பிக் கொடுத்ததும் வந்த பில்லும்

டிசம்பரில் 35,640 மைலில் கார் திரும்பியது. ஓடோமீட்டர் அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள்; நகல் வாங்கிக்கொண்டார்கள். டீலர் வளாகத்திலேயே நான்கு டயரையும் மைல் காட்டும் திரையையும் மறுபடி படம் எடுத்தார்கள். அதே பிராண்டில் புதிய லீஸ் எடுத்ததால், காரைத் திருப்பும்போது வாங்கும் 395 டாலர் முடிவுக் கட்டணம் தள்ளுபடி.

சில வாரம் கழித்து இறுதிப் பில் வந்தது. இடது முன் டயர், ஆழம் குறைவு, 230 டாலர்.

அக்டோபர் அறிக்கையில் இருந்த வரி அப்படியே இடம்பெயர்ந்து வந்திருந்தது. வலது முன் டயரின் வரி காணாமல் போயிருக்க, இது மட்டும் எப்படி நின்றது என்பதை நிறுவனம் கடைசிவரை விளக்கவில்லை. பில்லில் குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் மறுப்பு அனுப்பினார்கள்: டி.ஓ.டி. எண்ணுள்ள ரசீது, அளவியோடு எடுத்த படம், டீலர் வளாகத்தில் எடுத்த படம், முன்பு நிறுவனம் அனுப்பிய பதில். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. தேதி வரிசையில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அடுத்த கணக்கில் அந்த வரி நீக்கப்பட்டிருந்தது. கணக்கு பூஜ்யம்.

ரசீது இல்லாத டயரோடு இந்த வாதத்தை நடத்தியிருந்தால் ஜெயித்திருக்கலாம். ஆனால் மாற்றியது எப்போது, மாற்றியது எது என்பதற்கு அவர்களுடைய பேச்சு மட்டும்தான் சாட்சியாக இருந்திருக்கும்.

மாற்றிச் செய்தால்

கூட்டிப் பார்த்தால் டயருக்காக மட்டும் இந்த லீஸில் 165, 545, ஆக 710 டாலர் போயிருக்கிறது. அந்த மார்ச் சனிக்கிழமை இரண்டு நாள் பொறுத்து அதே பிராண்ட், அதே குறியீட்டில் ஒரு டயரும், கூடவே அலைன்மென்ட்டும் செய்திருந்தால் சுமார் 300 டாலரோடு முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. இடது முன் டயரின் நடுவில் 5 இருந்தது. உள்விளிம்பும் அப்படியே தேய்ந்திருந்தால் அது ஆய்வில் தேறியிருக்கும். வலது பின் டயர் மட்டும் கோட்டின் மேல் நின்றிருக்கும், அதையும் இடம் மாற்றிப் போட்டுச் சமாளித்திருக்கலாம். 5,000 முதல் 7,500 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போதே டயரை இடம் மாற்றிப் போடுவது இதற்காகத்தான். நான்கும் சேர்ந்து தேயும். ஒன்று மட்டும் முந்திக்கொள்ளாது.

தேய்மானக் காப்பு என்று லீஸ் தொடக்கத்தில் விற்கும் திட்டத்தை இவர்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்தச் செலவு அதில் அடங்கியிருக்கலாம். டயர் சேருமா, எவ்வளவு வரை என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். கம்பளம், பம்பர், கண்ணாடி என்று மற்றதெல்லாம் ஒழுங்காக வைத்திருக்கும் இந்தக் குடும்பத்துக்கு அது தேவையில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். மூன்று சின்னப் பிள்ளைகளும் நாயும் உள்ள வீட்டுக்கு வேறு மாதிரி சொல்வேன்.

குளிர்கால டயர் தனியாக வாங்கலாமா என்று கேட்டார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வேறு டயரில் ஓடினால் அசல் டயர் அந்த மாதங்களில் தேயாது, திருப்பும்போது ஆழம் மிச்சமிருக்கும். கணக்குக்கு அழகாக இருக்கிறது. ஆனால் தனி ரிம், காற்றழுத்த உணரி, வைக்க இடம் எல்லாம் சேர்த்தால் செலவு 1,000 டாலருக்கு மேல் போகும். அடுத்த காருக்கு அளவு பொருந்தாவிட்டால் வீண். பனியில் நன்றாக நிற்க வேண்டும் என்பதற்காக வாங்கலாம், லீஸ் பில்லை மிச்சம் பிடிக்க வாங்க வேண்டாம் என்றேன். வாங்கினால், திருப்பும் நாளில் அசல் டயரை மாட்டிக் கொடுக்க வேண்டும். குளிர்கால டயரோடு கொடுத்தால் அதற்கும் ஒரு வரி பில்லில் வரும்.

புதிய லீஸில் எடுத்தது மின்சாரக் கார். பேட்டரி எடையாலும் கிளம்பும்போது வரும் இழுவையாலும் இதில் டயர் சீக்கிரம் தேயும். 36 மாதம் முதல் செட் தாங்காது என்று வைத்துக்கொண்டு, நடுவில் ஒருமுறை நான்கையும் சேர்த்து மாற்ற இப்போதே பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் டயர் பத்தி உள்ள பக்கத்தின் படமும், கார் வந்த நாளில் எடுத்த டயர் குறியீட்டின் படமும் இருவர் போனிலும் இருக்கின்றன.